வேப்பெண்ணெய்த் துளியும் திருச்சியின் தேங்குநீரும்

முக்கொம்பில் இரண்டாகப் பிரியும் காவிரி, ஸ்ரீரங்கத்தைத் தீவாக்கிவிட்டுக் கல்லணைப் பக்கம் போய்த்தான் கொள்ளிடத்தை மறுபடி நெருங்குகிறது. திருச்சியைப் பற்றி எழுதுகிறவர்கள் ஓடும் நீரிலிருந்து தொடங்குவது வழக்கம். கொசுவுக்கு ஓடும் நீரால் பயனில்லை. அதற்கு வேண்டியது நிற்கும் நீர். அந்தக் கண்ணோடு பார்த்தால் இந்த ஊரில் வேறொரு நீர் வரைபடம் தெரியும். குழாயில் தண்ணீர் வராத நேரத்துக்காக நிரப்பி வைக்கும் டிரம், அண்டா, தரைக்கடியில் இருக்கும் சம்ப், மாடித் தொட்டி. ஸ்ரீரங்கத்து உத்திர வீதி, சித்திரை வீதிப் பழைய வீடுகளின் கொல்லைக் கிணறு. உய்யக்கொண்டானிலும் கோரையாற்றிலும் போய் விழும் தெருச் சாக்கடை. அடுக்குமாடிக் கட்டடத்து லிப்ட் குழி. யாரும் அரைக்காத ஆட்டுக்கல், பழைய டயர், கொட்டாங்குச்சி. மேட்டூர் அணையை மூடியபின் ஆற்று மணலில் மிஞ்சும் குட்டை. ஒவ்வொன்றிலும் வேறு கொசு. டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்பும் ஏடிஸ், டிரம்மிலும் டயரிலும் வளரும். யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸுக்குச் சாக்கடையும் கழிவுநீர்த் தொட்டியும் போதும். நகர மலேரியாவின் அனோபிலிஸ் ஸ்டீபன்சி கிணற்றையும் மாடித் தொட்டியையும் தேடும். தாவர எண்ணெயை நானோ அளவுத் துளிகளாக்கிக் கொசுப்புழுவைக் கொல்லலாம் என்று கடந்த பதினைந்து ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கும் ஆய்வுகளை இந்த வரைபடத்தின் மேல் வைத்துப் பார்ப்பதுதான் இக்கட்டுரையின் வேலை. எண்ணெய் புழுவைக் கொல்கிறது என்பதில் சந்தேகம் இல்லை. எந்த நீரில், எவ்வளவு நாள், எதைவிட மேலாகக் கொல்கிறது என்பதில்தான் விவகாரம் இருக்கிறது.

புதிய மருந்து எதற்கு என்ற கேள்விக்குப் பதில் சுருக்கமானது. மாநகராட்சிப் பணியாளர்கள் வீட்டுத் தொட்டியில் ஊற்றிவிட்டுப் போகும் ‘அபேட்’ என்பது டெமிபாஸ் என்ற கரிமப் பாஸ்பரஸ் வேதிப்பொருள். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை அதை உலகச் சுகாதார நிறுவனம் அனுமதிக்கிறது. ஆனால் ஒரே மருந்தை ஆண்டுக்கணக்கில் ஊற்றினால் என்ன ஆகும் என்பதற்குப் பிரேசில் சாட்சி. அங்கே ஏடிஸ் கொசு டெமிபாஸுக்குப் பழகிப்போய், அரசு வேறு மருந்துகளுக்கு மாற வேண்டியதாயிற்று. உயிரி மருந்தாலும் இதிலிருந்து தப்பிவிட முடியாது. கொச்சியில் பாசில்லஸ் ஸ்பெரிகஸ் என்ற பாக்டீரியாவைத் திரும்பத் திரும்பத் தெளித்தபின் கியூலெக்ஸ் அதற்கு மிகக் கடுமையான எதிர்ப்பை வளர்த்துக்கொண்டதை மதுரை மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மைய ஆய்வாளர்கள் 1995இல் வெளியிட்டார்கள். நோயோ ஓயவில்லை. தேசியக் கணக்குப்படி தமிழகத்தில் 2012இல் 12,826 பேருக்கும் 2017இல் 23,294 பேருக்கும் டெங்கு வந்தது. முதல் ஆண்டில் 66 பேர், அடுத்ததில் 65 பேர் இறந்தார்கள். மாற்று மருந்து தேடுவது வீண் வேலை என்று யாரும் சொல்ல முடியாது.

வேப்பெண்ணெயைத் தண்ணீரில் ஊற்றினால் கலக்காது, மேலே மிதக்கும். அதனுள் இருக்கும் அசாடிராக்டின் போன்ற கசப்புப் பொருள்கள் நீருக்குள் இருக்கும் புழுவைச் சரியாகச் சென்றடைவதில்லை. ‘நானோ குழம்பு’ இந்த இடத்தில்தான் நுழைகிறது. எண்ணெயோடு ட்வீன் போன்ற ஒரு பரப்பிழுவிசை குறைப்பியைச் (சோப்பின் நாகரிகமான உறவினர் என்று வைத்துக்கொள்ளலாம்) சேர்த்து, மீயொலி அதிர்வாலோ உயர் அழுத்தத்தாலோ எண்ணெயைப் பெரும்பாலும் 20 முதல் 200 நானோமீட்டர் அளவுத் துளிகளாக உடைக்கிறார்கள். தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். துளி சிறுத்தால் பரப்பு பெருகும்: ஒரு மில்லிலிட்டர் எண்ணெயை ஒரு மில்லிமீட்டர் துளிகளாக்கினால் மொத்தப் பரப்பு 60 சதுர சென்டிமீட்டர், அதாவது உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதையே 100 நானோமீட்டர் துளிகளாக்கினால் 60 சதுர மீட்டர். ஒரு சிறிய வீட்டின் தரை அளவு. அளவு குறையக் குறைய நஞ்சு கூடுகிறது என்பதற்கு நம் பக்கத்துச் சான்றே இருக்கிறது. வேலூர் விஐடி பல்கலைக்கழகக் குழு 2012இல் வெளியிட்ட ஆய்வில் வேப்பெண்ணெய், ட்வீன் 20, தண்ணீர் ஆகியவற்றைக் கொண்டு 31 முதல் 251 நானோமீட்டர் வரை பல அளவுகளில் குழம்பு தயாரித்து, கியூலெக்ஸ் புழுக்களின் மேல் சோதித்தார்கள். துளி சிறுத்தபோது புழுக்களில் பாதியைக் கொல்லத் தேவையான அளவும் குறைந்தது. மிகச் சிறிய துளியில் அது லிட்டருக்கு 11.75 மில்லிகிராம். அதே பல்கலைக்கழகத்தார் 2014இல் யூகலிப்டஸ் எண்ணெயைப் பத்து நானோமீட்டருக்கும் குறைவான துளியாக்கிக் காட்டினார்கள். துளசி வகை எண்ணெயும் இதே பாதையில் வந்தது. அண்ணாமலை, பாரதியார் பல்கலைக்கழகங்களிலிருந்து தாவரச் சாற்றையும் கொசுப்புழுவையும் பற்றி வந்த கட்டுரைகளை எண்ணத் தொடங்கினால் கை ஓயும். ஸ்ரீரங்கம் கோயிலின் தலமரமான புன்னையைக்கூட இந்தச் சோதனை விட்டுவைக்கவில்லை.

இந்தப் பெருமிதத்தில் கவனிக்காமல் விட்ட இழப்பு ஒன்று உண்டு. எண்ணெயால் கொசுப்புழுவைக் கொல்வது புதிய யோசனை அன்று. நீர்ப்பரப்பில் மண்ணெண்ணெய் தெளிக்கும் முறையை 1892இலேயே அமெரிக்கப் பூச்சியியலாளர் ஹோவர்ட் சோதித்து எழுதினார். நம் ஊர்ச் சுகாதாரப் பணியாளர்கள் மரத்தூளைத் துணியில் கட்டி, கழிவு எண்ணெயில் ஊறவைத்துச் சாக்கடையில் போடும் ‘ஆயில் பால்’ அதன் வாரிசு. அதன் சூட்சுமம் நஞ்சு அல்ல, மூச்சடைப்பு. கியூலெக்ஸ் புழு தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, வாலில் இருக்கும் குழலை நீர்ப்பரப்புக்கு மேல் நீட்டிக் காற்றை இழுக்கிறது. பரப்பில் எண்ணெய்ப் படலம் இருந்தால் குழல் அடைபடும், புழு சாகும். கூட்டுப்புழுவும் சாகும், அது எதையும் தின்னாது என்பதால் தின்று சாகும் மருந்துகளுக்கு அது மசியாது, படலத்துக்கு மசியும். இத்தகைய மூச்சடைப்பில் எதிர்ப்புத் திறன் வளர்வதும் கடினம். நானோ துளியோ பரப்பை விட்டு நீருக்குள் கரைந்ததுபோல் பரவிவிடுகிறது. அதாவது எண்ணெயின் பழைய ஆயுதத்தைப் பறித்துவிட்டுப் புதிய ஆயுதத்தைக் கொடுக்கிறோம். நீரை வடிகட்டித் தின்னும் கியூலெக்ஸுக்கும், தொட்டியின் அடியையும் சுவரையும் சுரண்டித் தின்னும் ஏடிஸுக்கும் இந்த மாற்றம் எதிராக வேலை செய்யலாம். நீர்ப்பரப்போடு ஒட்டிப் படுத்து மேல்மட்டத்திலேயே மேயும் அனோபிலிஸுக்குப் பழைய படலமே மேல் என்றுகூட வாதிடலாம். ஒரே குழம்பு எல்லாக் கொசுவுக்கும் என்று எழுதும் கட்டுரைகள் இந்த உடல்வாகு வேறுபாட்டைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன.

அடுத்தது எண்கள். விஐடி ஆய்வின் 11.75 மில்லிகிராமுக்குப் பக்கத்தில் இன்னோர் எண்ணை வைக்க வேண்டும். தேசிய மலேரியா ஆராய்ச்சி நிறுவனத்தின் ஹரித்வார் நிலைய ஆய்வாளர்கள் 2009இல் மலேரியா ஜர்னலில் எழுதிய கட்டுரையில் இருப்பது நானோ அல்ல, சாதாரணமாக நீரில் கலக்கும்படி தயாரித்த வேப்பெண்ணெய் மருந்து. அனோபிலிஸ் ஸ்டீபன்சி, கியூலெக்ஸ், ஏடிஸ் ஆகிய மூன்றிலும் பாதிப் புழுக்களைக் கொல்ல அதற்குத் தேவைப்பட்டது முறையே 1.6, 1.8, 1.7 பிபிஎம் மட்டும். பிபிஎம் என்பதும் லிட்டருக்கு மில்லிகிராம் என்பதும் நீரைப் பொறுத்தவரை ஒன்றே. ஆக, கியூலெக்ஸ் விஷயத்தில் நானோ அல்லாத மருந்து நானோ மருந்தைவிட ஆறு மடங்குக்கு மேல் கூர்மையானதாகத் தெரிகிறது. இதிலிருந்து நானோ மோசம் என்ற முடிவுக்குப் போய்விடக் கூடாது. எந்த எண்ணெய், அதில் அசாடிராக்டின் எவ்வளவு, அளவைக் கணக்கிட்டது எண்ணெய்க்கா வீரியப் பொருளுக்கா, புழு எந்த வயது என்பவை மாறும்போது இரண்டு எண்களை ஒரே தராசில் வைக்க முடியாது. ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்லலாம்: நானோ குழம்பு வெல்ல வேண்டிய எதிராளி, தண்ணீரில் கலக்காத பச்சை வேப்பெண்ணெய் அன்று. அதை வெல்வது நொண்டியோடு ஓட்டப்பந்தயம் வைப்பது. உண்மையான எதிராளி 2009இன் சாதாரணக் குழம்பு. அது ஆய்வகத்தோடு நிற்கவில்லை. வெளியில், இயல்பான தேக்கங்களில், சதுர மீட்டருக்கு 140 மில்லிகிராம் வீரியப் பொருள் வீதம் தெளித்தபோது அனோபிலிஸ் புழுக்கள் முதல் நாளே 98.1 சதவீதம் குறைந்தன, கியூலெக்ஸ் 95.5 சதவீதம். மூன்றாம் வாரத்திலும் எண்பது சதவீத அளவில் கட்டுப்பாடு நின்றது. இதே ஊர், இதே சாக்கடை, இதே எண்ணெய் என்று வைத்து, பெரிய துளியையும் சிறிய துளியையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, சிறிய துளி நான்கு வாரம் நின்றது என்று காட்டினால்தான் அந்த மீயொலிக் கருவிக்கு மின்சாரச் செலவு நியாயம்.

அளக்கும் முறையிலேயே ஒரு கோணல் இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2005இல் வகுத்த முறைப்படி மூன்றாம் நிலை இறுதி அல்லது நான்காம் நிலைத் தொடக்கத்துப் புழுக்களை மருந்து கலந்த நீரில் விட்டு, 24 மணி நேரத்தில் எத்தனை செத்தன என்று எண்ணுகிறார்கள். நரம்பைத் தாக்கும் மருந்துக்கு இது சரியான அளவுகோல். அசாடிராக்டின் அப்படிப்பட்டது இல்லை. அது புழு தோலுரிப்பதையும் கூட்டுப்புழுவாக மாறுவதையும் கெடுக்கிறது. சாவு மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ வரும். ஆகவே ஒரு நாள் கணக்கு வேப்பெண்ணெயைக் குறைத்துக் காட்டும். யூகலிப்டஸ், துளசி போன்ற வாசனை எண்ணெய்களை உயர்த்திக் காட்டும், ஏனென்றால் அவை உடனே அடித்துப்போட்டுவிட்டு ஆவியாகிப் போய்விடும். எட்டாம் நாள் முட்டையிலிருந்து வரும் புழுவுக்கு அந்த நீரில் மருந்தே இருக்காது. வளர்ச்சியைக் கெடுக்கும் மருந்துகளுக்கு, இறுதியில் எத்தனை கொசு பறந்தது என்று எண்ணும் வேறு முறையையும் அதே நெறிமுறை சொல்கிறது. அதைச் செய்ய ஒரு வாரத்துக்கு மேல் பொறுமை வேண்டும். ஒரு நாளில் முடியும் சோதனைக்கே கட்டுரை வெளியாகிவிடும்போது அந்தப் பொறுமை யாருக்கு வரும்? துளியின் ஆயுளிலும் இதே வேறுபாடு உண்டு. நீரில் சற்றே கரையும் வாசனை எண்ணெய்த் துளிகளில் சிறியவை கரைந்து பெரியவற்றோடு சேர்ந்து பருத்துக்கொண்டே போகும். வேப்பெண்ணெய் போன்ற கொழுப்பு எண்ணெயில் இது மெதுவாகவே நடக்கும்.

மக்களுக்கு முதலில் தோன்றுவது, “இயற்கை மருந்துதானே, வீட்டுத் தொட்டியில் ஊற்றலாமே” என்பதுதான். இதற்குக் கணக்கே பதில் சொல்லும். ஆயிரம் லிட்டர் மாடித் தொட்டிக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அளவில் டெமிபாஸ் ஒரு கிராம் போதும். 11.75 என்ற எண்ணை எண்ணெயின் எடையாகக் கொண்டால், பாதிப் புழுக்களைக் கொல்லவே ஏறத்தாழ 12 கிராம் எண்ணெய் வேண்டும். அந்த மிகச் சிறிய துளிக்கு எண்ணெய் ஒரு பங்கு, ட்வீன் மூன்று பங்கு என்பதால் கூடவே 35 கிராம் நுரைப்பொருளும் சேரும். பாதி செத்தால் போதாது, முழுக்கச் சாக வேண்டும் என்றால் இரண்டையும் பல மடங்கு கூட்ட வேண்டும். வேப்பெண்ணெய் மணமும் கசப்பும் ஏறிய தண்ணீரில் காபி போடச் சம்மதிக்கும் வீடு ஸ்ரீரங்கத்தில் ஒன்று இருக்குமா? சுவையை விடுவோம். இயற்கையானது என்பதால் ஒரு பொருள் பாதுகாப்பானது ஆகிவிடாது. குழந்தைகளுக்கு வேப்பெண்ணெய் புகட்டியதால் மூளையும் ஈரலும் பாதிக்கப்பட்டதை மலேசிய மருத்துவர்கள் 1981இலேயே லான்செட் இதழில் பதிவு செய்தார்கள். தொட்டியில் கரையும் அளவு அதைவிட மிகக் குறைவு என்பது உண்மை. ஆனால் நானோ துளி உடலுக்குள் எளிதில் ஊடுருவும் என்பதே அதன் விளம்பரமாக இருக்கையில், குடிநீரில் அதை அனுமதிக்கத் தனிச் சான்று வேண்டும். ஏடிஸ் வளரும் வீட்டு நீருக்கு மூடியும், வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுவதும்தான் மருந்து. டெங்கு காலத்தில் செய்திகளில் வரும் ‘மூலிகைக் கொசு மருந்து’ பேச்சு பெரும்பாலும் இந்த நீரையே குறிவைக்கிறது என்பது வேடிக்கை.

அப்படியானால் தூக்கி எறிந்துவிடலாமா என்றால், கூடாது. இதன் பக்கம் வலுவான நியாயம் ஒன்று இருக்கிறது. ஃபெங், இஸ்மன் என்ற ஆய்வாளர்கள் 1995இல் வெளியிட்ட சோதனையில், அசுவினிப் பூச்சிகளை நாற்பது தலைமுறைகள் தூய அசாடிராக்டினில் வளர்த்தபோது அவை ஒன்பது மடங்கு எதிர்ப்பைப் பெற்றன. வேப்பங்கொட்டைச் சாற்றில் வளர்ந்தவை அப்படிப் பெறவில்லை. பல பொருள்கள் கலந்த நஞ்சுக்கு எதிராகப் பூச்சியால் ஒரே பூட்டைப் போட்டுத் தப்பிக்க முடிவதில்லை என்று தெரிகிறது. அசுவினிக்கு நடந்தது கொசுவுக்கும் அப்படியே நடக்கும் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் கொச்சியின் அனுபவத்துக்குப் பிறகு இந்தச் சாத்தியத்தை அலட்சியம் செய்யவும் முடியாது. கொசுப்புழு ஆய்வுகளில் வரும் வெள்ளி நானோ துகள்களையும் இந்த எண்ணெய்க் குழம்பையும் ஒரே கூடையில் போடுவதும் தவறு. இலைச்சாற்றில் தயாரித்து ‘பசுமை’ என்று பெயர் சூட்டினாலும் வெள்ளி வெள்ளிதான். அது சிதையாது, சேற்றில் தங்கும், கோரையாற்றின் வழியே வயலுக்கும் போகும். எண்ணெய்த் துளி வெயிலிலும் நுண்ணுயிரிலும் சிதைந்துவிடும். இந்தச் சிதைவே சுற்றுச்சூழலுக்கு வரம், கொசு ஒழிப்புக்குச் சாபம்.

அந்த முரண்தான் இந்த மருந்தின் இடத்தையும் காட்டிக்கொடுக்கிறது. வெயிலில் அசாடிராக்டின் சில நாளில் சிதையும். எனவே வெயில் படாத நீர் வேண்டும். காற்றில் வாசனை எண்ணெய் பறக்கும். எனவே மூடிய இடம் வேண்டும். குடிப்பவர் இருக்கக் கூடாது, மீன் இருக்கக் கூடாது (வேப்பம் பொருள்கள் அளவு கூடினால் மீனையும் தாக்கும், கொசுப்புழுவைத் தின்னக் கம்பூசியா, கப்பி மீன்களை விட்ட கிணற்றில் இதை ஊற்றுவது சொந்தக் காவலாளியைச் சுடுவது). நீர் ஓடக் கூடாது. உய்யக்கொண்டானில் ஊற்றினால் மருந்து கொசுவைவிட வேகமாக ஊரைத் தாண்டிவிடும். இத்தனை நிபந்தனைக்கும் பொருந்துவது எது? தில்லைநகரிலும் கே.கே. நகரிலும் கட்டி முடியாமல் நிற்கும் கட்டடங்களின் லிப்ட் குழி, தரைத்தளத்தில் ஊறி நிற்கும் நீர், கைவிட்ட கிணறு, மூடியிட்ட மழைநீர் வடிகாலின் அடைபட்ட பகுதி. ஒன்றரை மீட்டர் சதுரக் குழியில் ஒரு சாண் ஆழம் நீர் நின்றால் சுமார் 450 லிட்டர். ஹரித்வார் வீதப்படி அதன் பரப்புக்கு வேண்டியது ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்கு வீரியப் பொருள். சாக்கடையும் செப்டிக் டேங்கும் இந்தப் பட்டியலில் பாதிதான் பொருந்தும். அங்கே மிதக்கும் அழுக்கு எண்ணெயைத் தன்னோடு ஒட்டிக்கொண்டுவிடும், புழுவுக்குப் போய்ச் சேருவது குறையும். செப்டிக் டேங்க் காற்றுக்குழாயின் வாயில் கொசுவலைத் துண்டைக் கட்டுவது இன்னும் மலிவு.

“தேக்கத்தையே அகற்றிவிட்டால் மருந்து எதற்கு?” என்று கேட்பவர்கள் சொல்வது கொள்கையளவில் சரி. வடகிழக்குப் பருவமழை முடிந்து, மார்கழியில் வைகுண்ட ஏகாதசிக்கு லட்சக்கணக்கானோர் ஸ்ரீரங்கத்தில் கூடும் காலத்துக்குள் ஊரின் ஒவ்வொரு குழியையும் வற்றவைத்த ஆண்டு என்று ஒன்று இருந்தால் அந்த வாதத்தோடு நின்றுவிடலாம். “விலை?” என்பது அதைவிடக் கடினமான மறுப்பு. 2015 முதல் நாட்டின் யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசியே வருவதால் எண்ணெய்க்கு ஏற்கெனவே பெரிய வாடிக்கையாளர் இருக்கிறார். கொசு மருந்து அந்த வரிசையின் கடைசியில்தான் நிற்க முடியும். சிறிய, மூடிய தேக்கங்களோடு நிறுத்திக்கொண்டால் தேவையும் சிறியதாகவே இருக்கும் என்பது இந்த மறுப்புக்கு ஓரளவு பதில்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் நெறிமுறை மூன்று கட்டம் கேட்கிறது: ஆய்வகம், சிறு களம், பெரும் களம். நம் கட்டுரைகளில் மிகப் பெரும்பாலானவை முதல் கட்டத்தோடு முடிந்துவிடுகின்றன. அதற்கு மேல் 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு இல்லாமல் எந்த மாநகராட்சியும் இதை வாங்க முடியாது. இரண்டாம் கட்டத்துக்குத் திருச்சி வசதியான ஊர். பாரதிதாசன் பல்கலைக்கழகம் இருக்கிறது, துளியை அளக்கவும் செய்யவும் தேசிய தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது, ஜமால் முகமது, புனித வளனார், பிஷப் ஹீபர் கல்லூரிகளின் மாணவர்கள் இருக்கிறார்கள், ஆறு மாதம் நீரும் ஆறு மாதம் மணலுமாக மாறும் பருவம் இருக்கிறது. இருபது லிப்ட் குழிகளை எடுத்துக்கொண்டு, ஐந்தில் நானோ குழம்பு, ஐந்தில் சாதாரண வேப்பெண்ணெய்க் குழம்பு, ஐந்தில் எண்ணெயே இல்லாமல் அதே அளவு ட்வீன், ஐந்தில் வெறும் தண்ணீர் என்று வைத்து, வாரம் ஒருமுறை கரண்டியால் முகந்து புழுவை எண்ண வேண்டும். வலை விரித்து வெளியேறும் கொசுவையும் எண்ண வேண்டும். சோப்புத் தண்ணீரில் நீர்ப்பரப்பின் இழுவிசை குறைந்தால் புழுவால் தொங்கி மூச்சு விட முடியாது என்பது தெரிந்த செய்தி. ஆகவே இனி வரும் எந்தக் கட்டுரையைக் கையில் எடுத்தாலும், வாசகர் முதலில் தேட வேண்டியது அந்த மூன்றாம் வகைக் குழியின் எண்ணை: எண்ணெய் ஒரு சொட்டும் கலக்காத இடத்தில் எத்தனை புழு செத்தது?